சவாரியில் தலையை உதறும் குதிரை: கட்டி அடக்கலாமா?

யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரு தகப்பனார், கால்நடை வைத்தியரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

கடந்த வருடம் நுவரெலியாவிலிருந்து ஒரு குதிரை வாங்கியிருக்கிறார். காயடித்த ஆண் குதிரை. முன்பு பந்தயத்தில் ஓடியது, வயது ஏழு என்று விற்றவர் சொன்னாராம். பதினைந்து வயது மகளுக்குக் குதிரை என்றால் உயிர். வெளிநாட்டிலிருக்கும் தாய்மாமன் காசு அனுப்ப, வளவில் ஒரு கொட்டில் போட்டு வளர்க்கிறார்கள். முதல் சில மாதங்கள் ஒரு குறையுமில்லை. பிறகு சவாரி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தலையை மேலும் கீழும் உதறத் தொடங்கியது. இப்போது ஏறி உட்கார்ந்து கடிவாள வாரைக் கையில் எடுத்ததுமே உதறுகிறது. சில வேளைகளில் வாரைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. போன மாதம் தலையைத் தூக்கி எறிந்தபோது மகளின் மூக்கில் பட்டு இரத்தம் வந்திருக்கிறது.

"வளவுக்குள் அவிழ்த்து விட்டால் பரம சாது, டொக்டர். கயிற்றில் சுற்றி ஓட விட்டாலும் ஆட்டாது. ஏறினால்தான் இந்தக் கூத்து" என்கிறார். ஊரில் ஆலோசனைக்குக் குறைவில்லை. மாட்டுவண்டிச் சவாரிக்கு மாடு வளர்த்த ஒரு பெரியவர், தலையை நெஞ்சு வாரோடு சேர்த்துக் கீழே இழுத்துக் கட்டச் சொன்னார். கொண்டாட்டங்களுக்குக் குதிரை வண்டில் விடும் ஒருவர், கடிவாளத்தின் வாய்க்கம்பியில் முறுக்குக் கம்பி சுற்றினால் இரண்டு நாளில் அடங்கும் என்றார். மச்சானோ, யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவில் கட்டில்லாமல் திரியும் குதிரைகளை நினைத்து, "இதில நெடுந்தீவுக் குதிரையின்ர இரத்தம் இருக்கு, காட்டுக் குணம் போகாது, வித்துப்போடு" என்கிறார். மனைவி நாவூறு கழித்துப் பார்த்தார். வெயிலாக இருக்குமோ என்பது இவருடைய சந்தேகம். பின்னேரம் நாலு மணிக்கு மேற்குப் பக்கமாகத்தான் ஓட்டுகிறார்களாம். மனிதருக்குக் கொடுக்கும் வலிமாத்திரையை அரைத்துக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார். கடிதத்தின் முடிவில் ஒரு வரி: "வேறு வருத்தம் ஒன்றுமில்லை. நல்லாகச் சாப்பிடுகிறது. புல்லைச் சப்பி உருண்டை உருண்டையாகத் துப்பி வைக்கும், அது அதன் பழக்கம்."

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது, நீங்கள் பொருட்படுத்தாமல் எழுதிய அந்தக் கடைசி வரிதான். புல்லைச் சப்பி உருண்டையாகத் துப்புவது பழக்கமல்ல. மெல்லும்போது வாயில் எங்கோ நோகிறது, அல்லது பல்லும் பல்லும் சரியாகப் பொருந்தவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது கடினம். வாயைத் திறந்து பார்க்காமல் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் தேடலை வாயிலிருந்துதான் தொடங்குவேன். வளவில் சாது, கயிற்றில் சாது, வாரைக் கையில் எடுத்ததும் உதறல் என்று நீங்கள் எழுதியதும் அதே திசையைத்தான் காட்டுகிறது.

எங்கள் பல் முளைத்து ஒரு அளவில் நின்றுவிடும். குதிரையின் கடைவாய்ப் பல் அப்படியல்ல. முரசிலிருந்து வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை வெளியே வந்துகொண்டேயிருக்கும். புல்லை மெல்ல மெல்ல ஏறக்குறைய அதே அளவு தேய்ந்துகொண்டிருக்கும். சிக்கல் எங்கே என்றால், குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. ஆகவே தேய்வு சமமாக விழாது. மேற்பற்களின் வெளி விளிம்பும் கீழ்ப்பற்களின் உள் விளிம்பும் தேயாமல் மிஞ்சிக் கூராகும். மேலே உள்ள கூர் கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கும். கீழே உள்ளது நாக்கைக் கிழிக்கும். நாள் முழுக்க மேயும் குதிரை தாடையை நன்றாக அகட்டி அரைப்பதால் தேய்வு ஓரளவு பரவலாக விழும். தவிடும் பிண்ணாக்கும் ஊறவைத்த கடலையும் கூடுதலாகத் தின்னும் குதிரை தாடையை அவ்வளவு அகட்டுவதில்லை, கூர் விரைவாக வரும். உங்கள் தீவன விபரத்தைப் பார்த்தபோது இதுவும் மனதில் பட்டது.

இப்போது கடிவாளத்தைப் போடுங்கள். மூக்குவாரும் கன்னவாரும் கன்னத்தைப் பல்லோடு சேர்த்து அழுத்தும். வாரை இழுத்ததும் வாய்க்கம்பி உதட்டு ஓரத்தைப் பின்னுக்குத் தள்ளி, முதல் கடைவாய்ப் பல்லின் மேல் கொண்டுபோய் நெரிக்கும். வளவுக்குள் தளர்ந்து கிடந்த கன்னம் அந்த நொடியில் கூரின் மேல் அழுந்துகிறது. குதிரைக்கு வாயால் சொல்ல வழியில்லை, தலையை எறிகிறது. எறிந்ததும் வார் பிள்ளையின் கையிலிருந்து நழுவுகிறது, நோவு ஒரு கணம் விடுகிறது. தலையை எறிந்தால் நோவு விடும் என்று குதிரை படித்துக்கொள்கிறது. தொடக்கத்தில் கொஞ்ச நேரம் கழித்து உதறியது இன்று வாரைத் தொட்டதுமே உதறுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விற்றவர் ஏழு என்று சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். ஏறக்குறைய இரண்டரை வயதிலிருந்து நாலு, நாலரை வயது வரை குதிரைக்குப் பாற்பல் விழுந்து நிலைப்பல் வரும். கடைவாய்ப் பக்கத்தில் பாற்பல்லின் ஓடு புதுப்பல்லின் தலையில் தொப்பியாகக் கிடந்து ஆடும். அந்த நேரத்தில் கடிவாளம் பெரும் தொல்லை. ஐந்து வயதாகும்போது வாய் நிறைந்துவிடும். முன்பற்களைப் பார்த்தே உங்கள் வைத்தியர் இது நாலு வயதுக் கன்றா, பன்னிரண்டு வயதுக் கிழமா என்று ஓரளவு சொல்லிவிடுவார். இன்னொன்று, சில குதிரைகளுக்குக் கடைவாய் வரிசைக்குச் சற்று முன்னால் பட்டாணி அளவில் ஒரு வேண்டாத பல் முளைக்கும். பார்வைக்கு அற்பம். ஆனால் வாய்க்கம்பி வந்து படும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது நிற்கும். எல்லாக் குதிரைக்கும் அது தொந்தரவு கொடுப்பதில்லை. கொடுத்தால் பிடுங்கிவிடலாம்.

இன்றே நிறுத்த வேண்டியவை

பிள்ளையை ஏற்றுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். மூக்கில் இரத்தம் வந்ததோடு போனது நல்ல காலம். தலையை எறியும் குதிரையின் உச்சி பின்னுக்கு வரும் வேகத்தில் ஏறியிருப்பவரின் பல்லும் போகும், நினைவும் போகும். அதுவும் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் ஓடும் வீதியில் வாரைப் பறிகொடுப்பது வேண்டாத விளையாட்டு.

தலையைக் கீழே இழுத்துக் கட்டும் யோசனையை விடுங்கள். அப்படியான வார் உலகத்தில் இல்லாத ஒன்றல்ல. போலோ ஆடுபவர்கள் பயன்படுத்துகிறார்கள், நோயில்லாத, பழகிய குதிரையில், தெரிந்தவர் கையில். நோவைச் சொல்லும் குதிரைக்கு அதைப் போடுவது வேறு விஷயம். குதிரை தன் சமநிலையைத் தலையாலும் கழுத்தாலும்தான் பிடிக்கிறது. முன்னுக்கும் போகாமல் தலையையும் தூக்க முடியாமல் அகப்பட்டால் அதற்கு மிஞ்சும் ஒரே வழி முன்னங்கால்களைத் தூக்கி எழும்புவது. எழும்பி மல்லாந்து விழும் குதிரைக்கு அடியில் அகப்படுபவர் தப்புவது அரிது. அந்தப் பெரியவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சவாரி மாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆனால் மாட்டை நாணயக் கயிற்றால் மூக்கில் பிடிக்கிறோம், மாட்டின் வாய்க்குள் இரும்பு கிடப்பதில்லை. அங்கே சரிவரும் கை இங்கே சரிவராது.

முறுக்குக் கம்பி விஷயத்தில் எனக்குத் தயவு தாட்சண்யமில்லை. அது நாக்கையும், பல்லில்லாத தாடை ஓரத்தையும் அறுக்கும். அந்த ஓரத்தில் மெல்லிய சதைக்குக் கீழே நேரே எலும்புதான். இரண்டு நாளில் அடங்கும் என்றாரே, அடங்கத்தான் செய்யும், நோவில். இந்த நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907 இலிருந்தே இருக்கிறது என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

வலிமாத்திரையும் வேண்டாம். மனிதருக்கான வலிமாத்திரைகளைக் கணக்கில்லாமல் கொடுத்தால் குதிரையின் இரைப்பையில் புண் வரும், சிறுநீரகம் கெடும். அதைவிட, வைத்தியர் வரும் நாளில் நோவு மறைந்து கிடந்தால் அவர் எதைக் கண்டுபிடிப்பது? குதிரைக்கென்று வலி மருந்துகள் இருக்கின்றன. அளவையும் நாளையும் அவரே எழுதித் தரட்டும்.

நாவூறு கழித்ததில் ஒரு பிழையுமில்லை. பல்லையும் தேய்த்துவிட்டால் சரி.

நெடுந்தீவு இரத்தம்

இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நெடுந்தீவில் திரியும் குதிரைகள் காட்டிலே பிறந்த தனி இனமல்ல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழி வந்தவை. பழைய லாயங்களின் இடிபாடுகளை இன்றும் அங்கே பார்க்கலாம். கட்டவிழ்ந்து, மனிதர் கைபடாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததால் மருண்ட சுபாவம் வந்ததே தவிர, இரத்தத்தில் காடு ஒன்றும் ஊறவில்லை. 2015 இல் அங்கே தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டது. பிடித்து விற்கும் சரக்கல்ல அவை. நுவரெலியாவில் வாங்கிய, பந்தயம் ஓடியதாகச் சொல்லப்படும் உங்கள் குதிரைக்கும் நெடுந்தீவுக்கும் என்ன தொடர்பு என்று மச்சானிடம் கேட்டுப் பாருங்கள். எப்படியிருந்தாலும், குணம் என்றால் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கும். சில மாதம் நன்றாக ஓடிய குதிரை பிறகு மாறினால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

வீட்டில் நீங்கள் பார்க்கக்கூடியவை

ஒரு எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். குதிரையின் வாய்க்குள் கையை விடாதீர்கள். கடைவாயில் அகப்பட்ட விரல் திரும்பி வராது. அதோடு, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், நடை தள்ளாடி, சுபாவமும் மாறியிருக்கும் எந்த மிருகத்தையும் நீர்வெறுப்பு நோய் (விசர்நாய்க்கடியால் வருவது) இல்லை என்று தெரியும்வரை தொடக்கூடாது. தெருநாய் கடித்ததா என்று வீட்டில் விசாரியுங்கள். உங்கள் குதிரை அப்படியில்லை என்றுதான் கடிதம் காட்டுகிறது, இருந்தும் சொல்லாமல் விட முடியாது.

வெளியிலிருந்து பார்க்க நிறைய இருக்கிறது. கன்னத்தின் மேல், மேற்பல் வரிசை ஓடும் இடத்தில், உள்ளங்கையால் மெதுவாக அழுத்திக்கொண்டு போங்கள். ஓரிடத்தில் தலையை வெடுக்கென்று இழுத்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். உதட்டின் இரண்டு ஓரத்திலும் புண், தழும்பு, நிறம் மாறிய தோல் இருக்கிறதா? வாய் நாறுகிறதா? ஒரு மூக்குத் துவாரத்திலிருந்து மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் மேற்பல்லின் வேர் சீழ்ப்பிடித்து மேலே உள்ள எலும்பறைக்குள் உடைத்திருக்கலாம். அது அரம் போட்டுத் தீரும் விஷயமல்ல.

துப்பிய உருண்டை ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். புல் நீள நீளமாக, அரைபடாமல், கயிறு முறுக்கியதுபோல் இருந்தால் அரைக்கும் பல் வேலை செய்யவில்லை. சாணத்திலும் அதே நீளத்தில் நார் தெரியும். இரண்டையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பிறகு கடிவாளம். வாய்க்கம்பியைக் கழுவித் துடைத்து, விரல் நுனியால் முழு நீளத்துக்கும் தடவுங்கள். மூட்டில் தேய்ந்து பிசிர் விட்டிருக்கும், வளையம் ஓடும் துளையில் விளிம்பு கூராகியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். வாயில் போட்டபின் இரண்டு பக்கமும் உதட்டுக்கும் வளையத்துக்கும் இடையில் அரைச் சென்ரிமீற்றர் அளவு இடம் இருக்க வேண்டும். குறைந்தால் உதட்டைக் கிள்ளும். கூடினால் பக்கவாட்டில் இழுபட்டு நடுமூட்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். பழைய குதிரையின் கடிவாளத்தை, 'ஏறக்குறைய சரி' என்று புதுக் குதிரைக்கு மாட்டுவது எங்கும் நடப்பது. மூக்குவாருக்குள் மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் படுக்கையாகப் போக வேண்டும். நெற்றிவார் குட்டையாக இருந்தால் காதடியை நெரிக்கும். பல குதிரைகள் தலையை உதறுவது அதற்காக மட்டுமே. காதுக்குள்ளும் ஒரு முறை பாருங்கள், உண்ணி இருக்கலாம்.

சேணத்தையும் விட்டுவிட முடியாது. முதுகில் வரும் நோவும் தலையில் தெரியும். சேணத்தைக் கழற்றியதும் வியர்வை படிந்த தடத்தைப் பாருங்கள். சுற்றிவர நனைந்து, நடுவில் கையளவு இடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே சேணம் அளவுக்கு மிஞ்சி அழுத்துகிறது. வெள்ளை மயிர் முளைத்த திட்டுக்கள் இருந்தால் அது பழைய காயம், முன்பிருந்தவர் விட்டுப்போன கணக்கு.

இதெல்லாம் பார்த்தபின், ஒன்றொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒருநாள் வெறும் தலைக்கயிற்றோடு சுற்றி ஓட விடுங்கள். மறுநாள் சேணம் மட்டும் போட்டு. அதற்கடுத்து கடிவாளம் போட்டு, வார் இல்லாமல். எந்தக் கட்டத்தில் உதறத் தொடங்குகிறது என்பதைக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். நாலைந்தை ஒரே நாளில் மாற்றினால் குணமானாலும் எதனால் குணமானது என்று தெரியாது. வைத்தியர் முன்னால் பல குதிரைகள் தேர் மாதிரி அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் வீடியோதான் பேசும்.

வெயிலா, பூச்சியா, நரம்பா?

உங்கள் வெயில் சந்தேகம் வீண் சந்தேகமல்ல. முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் பெரிய நரம்பு சில குதிரைகளில் அளவுக்கு மிஞ்சிக் கூச்சம் கொள்ளும். நரம்பில் காயம் எதுவும் தெரியாது. ஆனால் காற்றுப் பட்டாலும், வெளிச்சம் பட்டாலும், ஓடத் தொடங்கினாலும் மூக்கில் சுரீர் என்று மின்னும். அப்படியான குதிரையின் உதறல் பார்த்தாலே தெரியும்: மூக்குக்குள் தேனீ புகுந்துவிட்டதுபோல் திடீரென்று செங்குத்தாக ஒரு வெட்டு வெட்டும், தும்மும், சீறும், ஓடிக்கொண்டிருக்கும்போதே மூக்கை முன்னங்காலில் கொண்டுபோய் உரசும். காயடித்த ஆண் குதிரைகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. நடுவயதில் தொடங்கும். குளிர்நாடுகளில் வசந்தத்தில் வந்து பனிக்காலத்தில் அடங்கும் குதிரைகள் உண்டு. மூக்கின் மேல் மெல்லிய வலைத்துணி கட்டினால் சிலவற்றுக்கு நன்றாகக் குறைகிறது, பலவற்றுக்கு இல்லை. மருந்தும் அப்படித்தான், ஒன்றுக்குக் கேட்பது மற்றதற்குக் கேட்காது. முற்றாகத் தீர்க்கும் வழி இன்னும் கிடைக்கவில்லை.

உங்கள் குதிரை தும்முவதாகவோ மூக்கை உரசுவதாகவோ நீங்கள் எழுதவில்லை. கயிற்றில் அதே வெயிலில் ஓடும்போது உதறுவதுமில்லை. ஆகவே நரம்புக் கோளாறு என் பட்டியலில் அடியில்தான் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் பார்த்து ஒதுக்கியபின் வர வேண்டிய பெயர் அது. முதலிலேயே அந்தப் பெயரை வைத்துவிட்டால் கூரான பல் கூராகவே கிடக்கும். சந்தேகம் தீர வேண்டுமென்றால் நாலு மணிக்குப் பதில் சூரியன் எழும்ப முன்னர் ஒருநாள் அதே கடிவாளத்தோடு கயிற்றில் ஓட விட்டுப் பாருங்கள்.

கண்ணை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கொட்டிலுக்குப் பக்கத்தில் மாடும் கட்டுகிறீர்களா? மாட்டின் வயிற்றறையில் பெரிய தொந்தரவில்லாமல் குடியிருக்கும் ஒரு நூற்புழு உண்டு. அதன் குஞ்சு நுளம்பு வழியாகக் குதிரைக்கு ஏறி, வழி தவறிச் சில நேரம் கண்ணுக்குள் போய்விடும். வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கும், நீர் வடியும், கருவிழிக்கு முன்னால் வெள்ளை நூல் ஒன்று நெளிவதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். கண்டால் அன்றே வைத்தியரை அழையுங்கள், நாள் போனால் கண் மங்கிவிடும்.

பூச்சி பற்றி நீட்ட வேண்டியதில்லை. பொழுதுபடும் நேரத்துக் கொசுவும் இலையானும் கண்ணையும் காதையும் மொய்த்தால் எந்தக் குதிரையும் தலையை ஆட்டும், வளவுக்குள் நிற்கும்போதும் ஆட்டும். உங்களுடையது வளவில் ஆட்டுவதில்லையே.

யாரிடம் காட்டுவது?

முதலில் உங்கள் பிரிவிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். மறைக்க ஒன்றுமில்லை, எங்கள் பக்கத்தில் நாங்கள் நாளாந்தம் பார்ப்பது மாடும் ஆடும் நாயும் கோழியும். குதிரை வாய்க்கென்று தனி ஆயுதங்கள் வேண்டும்: வாயைத் திறந்து பிடிக்கும் இரும்புச் சட்டம், கைநீளத்து அரம், தலையில் கட்டும் விளக்கு, குதிரையை நின்றபடியே மந்தமாக்கும் ஊசி. இவை இல்லாமல் பல் பார்ப்பது அரைகுறை வேலை. ஆகவே தொலைபேசியிலேயே கேளுங்கள், "குதிரைப் பல் தேய்க்க அரமும் வாய்ச்சட்டமும் இருக்கா?" என்று. இல்லையென்றால் அவர்களே பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்துக்கு எழுதித் தருவார்கள். நீங்கள் வாங்கிய இடத்தில் பந்தயக் குதிரைகளைப் பார்க்கும் வைத்தியர் யார் என்று விற்றவரிடம் கேட்டு வைப்பதும் நல்லது. ஊசியில்லாமல், நாலு பேரைப் பிடிக்கச் சொல்லி, கண்ட அரத்தால் பல்லைத் தேய்த்துத் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அளவுக்கு மிஞ்சித் தேய்த்த பல்லுக்கு உயிர் வலிக்கும், தேய்த்ததை ஒட்ட முடியாது.

வைத்தியர் வரும்வரை தீவனத்தில் கவனம் வையுங்கள். சரியாக மெல்லாமல் விழுங்கும் குதிரைக்குத் தொண்டைக்குழாயில் தீவனம் அடைக்கும், அல்லது குடலில் கட்டிக்கொண்டு வயிற்றுவலி வரும். காய்ந்த வைக்கலைக் குறையுங்கள். இளம் பச்சைப் புல்லை வெட்டிப் போடுங்கள், தவிட்டை நன்றாக நனைத்துக் கஞ்சிப் பதத்தில் வையுங்கள், தண்ணீர் எந்த நேரமும் இருக்கட்டும். கழுத்தை நீட்டி இருமி, மூக்கால் பச்சை நுரையும் தீவனமும் வந்தால் தீவனத்தையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு உடனே அழையுங்கள். வாயில் குழாயை விட்டு நீரடிக்க வேண்டாம், நுரையீரலுக்குள் போகும்.

மகளின் கை

இதைச் சொன்னால் பிள்ளை கோபிக்கும், இருந்தும் சொல்கிறேன். காணொளி பார்த்துத் தானே பழகியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பழகிய எவரும் தடுமாறும்போது வாரைப் பிடித்துத்தான் சமநிலை எடுப்பார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த இழுப்பு முழுவதும் வாய்க்குப் போகும். உங்கள் குதிரை உண்மையில் பந்தயத்தில் ஓடியதென்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: பந்தயக் குதிரை வாரின் மேல் சாய்ந்து ஓடப் பழகியது. வாரை இறுக்கிப் பிடித்தால் அது நிற்கச் சொல்வதாக எடுக்காது, ஓடச் சொல்வதாகத்தான் எடுக்கும். பிள்ளை பயந்து இறுக்க, குதிரை முன்னுக்கு உந்த, வாய் நோக, தலை பறக்கும்.

பல் சரியாகி, புண் ஆறி, வைத்தியர் ஓம் என்றபின் இப்படித் தொடங்குங்கள். குதிரையின் கழுத்தில் ஒரு தனி வார் தளர்வாகக் கட்டுங்கள். தலைக்கவசத்தோடு மகள் ஏறட்டும். நீங்கள் தலைக்கயிற்றைப் பிடித்து வளவுக்குள் நடத்திச் செல்லுங்கள். மகள் கடிவாள வாரைத் தொடாமல் கழுத்துவாரை மட்டும் பிடித்து உட்காரப் பழகட்டும். அப்போது தலை அசையாமல் நின்று, கடிவாள வாரை எடுத்ததும் உதறினால், மிச்சம் கையிலோ கடிவாளத்திலோ இருக்கிறது. வேறு வாய்க்கம்பி மாற்றிப் பார்க்கலாம். வாய்க்குள் இரும்பே இல்லாமல் மூக்கின் மேல் பிடிக்கும் கடிவாளமும் உண்டு, அதையும் யோசிக்கலாம். ஏறி உட்கார்ந்ததுமே, ஒருவரும் வாரைத் தொடாதபோதே உதறினால், முதுகையும் சேணத்தையும் திரும்பப் பாருங்கள். ஒன்று மட்டும்: நோவு போனபின்னும் சில கிழமைகளுக்குப் பழைய ஞாபகத்தில் உதறும். அந்த நேரத்தில் அடிக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்.

விற்பதா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். வாயைப் பார்க்காமல் விற்றால் பாதி விலைக்குப் போகும். வாங்குபவரிடம் உதறலை மறைத்து விற்றால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மூக்கு உடையும். பார்த்தபின், இது பல்லும் கடிவாளமும்தான் என்று தெரிந்தால் விற்க அவசியமே வராது; வருடத்துக்கு ஒரு தடவை வாயைக் காட்டினால் போதும், வயது ஐந்துக்குக் குறைவென்று தெரிந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. நரம்புக் கோளாறு என்று முடிந்தால் அது பதினைந்து வயதுப் பிள்ளை ஏறும் குதிரையல்ல. அப்போது காசு அனுப்பிய தாய்மாமனுக்கும் சொல்லி, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். வைத்தியர் எழுதித் தரும் பல் அறிக்கையின் பிரதியையும் வீடியோவையும் எனக்கு அனுப்பினால் அடுத்த கட்டத்தைப் பேசலாம்.